பல்பை நகத்தாதீங்க, நீங்க நகருங்க: வீட்டு வைஃபையை பிரிக்கிறது எப்படி

ஒரே வைஃபை, ஒரே பாஸ்வேர்டு, அதுலயே பேங்க் கணக்கு பாக்குற லேப்டாப்பும் இருக்கு, வைஃபைல ஓடுற ஸ்மார்ட் பல்பும் இருக்கு, அப்டேட்னு ஒண்ணு வந்தே பல வருஷம் ஆன கேமராவும் இருக்கு, எப்பவோ வந்துட்டு போன சொந்தக்காரப் பையனோட போனும் வாசல்ல வந்து நின்னாலே தானா கனெக்ட் ஆகிடுது. பாதி வீட்டுல நிலைமை இதுதான், என் வீட்டுலயும் ரொம்ப நாள் இப்படித்தான் ஓடுச்சு.

இதுல என்ன வந்துடப் போகுதுன்னு கேப்பீங்க. ரவுட்டர்ல இருக்குற ஃபயர்வால் வெளியில இருந்து வர்றவனைத்தான் தடுக்கும், உள்ளுக்குள்ள யார் யார்கிட்ட பேசுறாங்கன்னு அது கண்டுக்காது. அதனால ஒரு கேமரா ஹேக்கர் கையில மாட்டுனா அது பக்கத்துல இருக்குற லேப்டாப், என்ஏஎஸ் (நெட்வொர்க்குல மாட்டுற ஸ்டோரேஜ் பெட்டி), பிரின்டர்னு எல்லாத்தையும் நேரா தட்டிப் பாக்கலாம். 2016ல மிராய்னு ஒரு மால்வேர் வந்துச்சே, கேமரா, டிவிஆர் (கேமரா வீடியோவை பதிவு பண்ற பெட்டி) மாதிரி ஐட்டங்கள்ல ஃபேக்டரியில வச்சு அனுப்புன யூசர்நேம் பாஸ்வேர்டு அறுபது சொச்சம் ஜோடியை மட்டும் கையில வச்சுக்கிட்டு லட்சக்கணக்கான சாதனத்தை வளைச்சுப் போட்டுச்சு, அந்த அக்டோபர்ல சைட் பேரை ஐபி அட்ரஸா மாத்திக் குடுக்குற டைன்ங்கிற டிஎன்எஸ் கம்பெனியை அடிச்சதுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ்லாம் மணிக்கணக்குல தடுமாறுச்சு. பல்பு தானேன்னு விட முடியாது.

தனியா எதுவும் வாங்க வேண்டாம், இப்ப வர்ற முக்காவாசி ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க்னு, அதாவது விருந்தாளிங்களுக்கான தனி வைஃபைன்னு ஒண்ணு இருக்கும். பிரவுசர்ல 192.168.0.1 இல்லைன்னா 192.168.1.1 போட்டு ரவுட்டரோட செட்டிங்குக்குள்ள போங்க, ஆப் இருந்தா அதுலயே வந்துடும். அதை ஆன் பண்றப்ப ரெண்டு செட்டிங்கை மட்டும் நல்லா பாருங்க. கெஸ்ட்டுங்க லோக்கல் நெட்வொர்க்கை பாக்கலாம்ங்கிற மாதிரி ஒண்ணு இருக்கும், அது ஆஃப்ல இருக்கணும், அது ஆன்ல இருந்தா நீங்க பண்றது வெறும் பேர் மாத்துற வேலைதான். இன்னொண்ணு கெஸ்ட் நெட்வொர்க்குக்குள்ள இருக்குறதுங்க ஒண்ணை ஒண்ணு பாக்கலாமா வேண்டாமான்னு கேக்கும், ஏபி ஐசோலேஷன், கிளையன்ட் ஐசோலேஷன்னு பேர் ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும், முதல்ல பாக்க வேண்டாம்னே வைங்க, ஏதாவது வேலை செய்யலைன்னா அப்பறம் தளர்த்திக்கலாம்.

இப்ப எல்லாரும் பண்ற தப்புக்கு வரேன். புதுசா ஒரு பேர்ல கெஸ்ட் நெட்வொர்க் போட்டுட்டு இருபது பல்பையும் ப்ளக்கையும் ஒவ்வொண்ணா ரீசெட் பண்ணி, அஞ்சு தடவை ஆஃப் ஆன் பண்ணி, ஆப்ல சேத்து, நாலாவது பல்புலயே வெறுத்துப்போய் விட்டுடுவாங்க. தலைகீழா பண்ணுங்க. பல்புக்கெல்லாம் பழைய பேரும் பழைய பாஸ்வேர்டும் ஏற்கனவே தெரியும், அதை அதுங்களுக்கே விட்டுட்டு நீங்க புதுப் பேருக்கு போயிடுங்க. முதல்ல மெயின் நெட்வொர்க்குக்கு புதுப் பேர், புது பாஸ்வேர்டு வச்சு சேவ் பண்ணுங்க. எல்லாம் கட் ஆகும், பயப்படாதீங்க. அப்பறம் கெஸ்ட் நெட்வொர்க்குக்கு பழைய பேரையும் பாஸ்வேர்டையும் ஒரு எழுத்துகூட மாறாம வைங்க, செக்யூரிட்டி டபிள்யூபிஏ2ல (வைஃபை பூட்டோட பழைய வகை) இருக்கட்டும், புதுசான டபிள்யூபிஏ3 மட்டும்னு வச்சா பழைய பல்பு பலதும் ஒட்டவே ஒட்டாது. கொஞ்ச நேரத்துல எல்லாம் தானா வந்து உக்காரும். வீட்டுல ஒரு மூணு போன், ஒரு லேப்டாப்பை மட்டும் புதுப் பேருக்கு மாத்துனா வேலை முடிஞ்சுது, ஆனா அதுல எல்லாம் பழைய பேரை ஃபர்கெட் குடுக்க மறந்துடாதீங்க, இல்லைன்னா போன் பழைய பாசத்துல அங்கயே போய் ஒட்டிக்கும். வைஃபை இல்லாம ஜிக்பீங்கிற வேற வயர்லெஸ்ல ஓடுற பல்பு வச்சிருக்குறவங்களுக்கு இந்த பாடே இல்லை, அதோட ஹப் மட்டும்தான் நெட்வொர்க்குல இருக்கு.

சரி, அப்ப விருந்தாளிங்க எங்க போவாங்க? முக்காவாசி ஸ்மார்ட் ஐட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும்தான் வேலை செய்யும். சில ரவுட்டர்ல 2.4க்கு ஒரு கெஸ்ட் பேர், 5க்கு ஒரு கெஸ்ட் பேர்னு தனித்தனியா வைக்கலாம், அப்படி இருந்தா 2.4 பல்புக்கு, 5 வர்றவங்களுக்கு. ஒரே கெஸ்ட் தான்னா பல்பையும் வர்றவங்களையும் ஒண்ணாவே போட்டு ஐசோலேஷனை ஆன்ல வச்சிடுங்க, என்னைக் கேட்டா அதுவே போதும். பழைய பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆளுங்க அங்க வந்து நின்னாலும் இன்டர்நெட் மட்டும்தான் கிடைக்கும்.

பிரிச்சதுக்கு அப்பறம் ஒண்ணு ரெண்டு உடையும், அதையும் சொல்லிடுறேன். கிளவுட் வழியா, அதாவது கம்பெனி சர்வர் வழியா ஓடுற பல்பு, ப்ளக் எதுவும் வித்தியாசம் காட்டாது. ஆனா போன்ல இருந்து டிவிக்கு காஸ்ட் பண்றது போயிடும், ஏன்னா போன் டிவியை தேடுறது எம்டிஎன்எஸ்னு ஒரு முறையில, அந்தக் கூவல் அந்த நெட்வொர்க்கை தாண்டி போகாது. நான் டிவியை கெஸ்ட்லயே விட்டுட்டேன், டிவியில இருக்குற ஆப்லயே பாத்துக்குறோம். பிரின்டரை மெயின்லயே வச்சுக்கோங்க, இல்லைன்னா தினம் வீட்டுல திட்டு வாங்குவீங்க. கேமரா உங்க என்ஏஎஸ்ல ரெக்கார்டு பண்ணுதுன்னா அதுவும் நின்னுடும், அந்த மாதிரி ஆளுங்களுக்கு கெஸ்ட் பத்தாது, விலேன் (ஒரே ரவுட்டருக்குள்ள தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கிற முறை) போடணும். ரவுட்டர்ல போடுற ஓப்பன்டபிள்யூஆர்டி மாதிரி சாஃப்ட்வேர் ஒண்ணுல மெயின்ல இருந்து பல்பு பக்கம் போகலாம், பல்பு பக்கத்துல இருந்து மெயினுக்கு தானா ஆரம்பிச்சு வரக்கூடாது, கேட்டதுக்கு பதில் மட்டும் சொல்லலாம்னு ரூல் போட்டுட்டு, எம்டிஎன்எஸ்சை ரெண்டு பக்கமும் எடுத்துச் சொல்ல அவாஹி ரிஃப்ளெக்டர்ங்கிற சாஃப்ட்வேரை ஓட விட்டா காஸ்ட்டும் வேலை செய்யும்.

பழைய ரவுட்டர் ஒண்ணு சும்மா கிடக்குதேன்னு அதை வச்சு பிரிக்கிறவங்க கவனமா கேளுங்க, இதுல நான் நல்லா ஏமாந்தேன். முதல் ரவுட்டர்ல எங்க லேப்டாப் எல்லாம் இருந்துச்சு, அதுல இருந்து வயர் இழுத்து ரெண்டாவதை போட்டு கேமராவை அதுல விட்டேன், பிரிச்சாச்சுன்னு மூணு மாசம் நிம்மதியா இருந்தேன். விஷயம் என்னன்னா உள்ள இருக்குற, அதாவது ரெண்டாவது ரவுட்டர்ல இருந்து வெளிய இருக்குற முதல் ரவுட்டர் சாதனங்களை எட்டலாம், வெளிய இருந்துதான் உள்ள வர முடியாது. அதாவது கேமராவுக்கு என் லேப்டாப் தெரிஞ்சுச்சு, எனக்கு கேமரா தெரியலை! இன்டர்நெட் வர்ற முதல் ரவுட்டர்ல பல்பும் கேமராவும், பின்னாடி மாட்டுற ரெண்டாவதுல நம்ம லேப்டாப்னு மாத்தி போடணும். ரெண்டாவது ரவுட்டர் ஆக்சஸ் பாயின்ட் மோடுல (முதல் ரவுட்டரோட வைஃபையை நீட்டி மட்டும் குடுக்குற மோடு) இருந்தா பிரியவே பிரியாது, எல்லாம் ஒரே குட்டைதான். மெஷ் செட்டை (பல பெட்டி சேந்து வீடு முழுக்க ஒரே வைஃபை குடுக்குறது) அந்த மோடுல வச்சிருக்குறவங்களும் செக் பண்ணுங்க, சிலதுல கெஸ்ட்னு பேர் இருக்கும், தடுப்பு இருக்காது.

வேலை செய்யுதான்னு பாக்க பிங் அடிக்க, அதாவது ஒரு சாதனத்துல இருந்து இன்னொண்ணுக்கு சோதனைச் சத்தம் குடுத்து பதில் வருதான்னு பாக்கச் சொல்வாங்க, அதை மட்டும் நம்பாதீங்க, லேப்டாப்போட சொந்த ஃபயர்வாலே பிங்கை முழுங்கியிருக்கலாம். பிரின்டரோட ஐபியை (நெட்வொர்க்குல அதோட எண் விலாசம்) மெயின்ல இருந்து பிரவுசர்ல போடுங்க, அதோட பக்கம் திறக்கும். போனை கெஸ்ட்டுக்கு மாத்தி, மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு, அதே ஐபியை திரும்ப போடுங்க, சுத்திக்கிட்டே இருந்து எரர் வரணும். அப்படியே ரவுட்டரோட அட்மின் பக்கத்தையும் கெஸ்ட்ல இருந்து திறந்து பாருங்க, என் ரவுட்டர்ல லாகின் பக்கம் ஜம்முன்னு வந்து நின்னுச்சு, அதை தடுக்குற செட்டிங் வேற மெனுவுல ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.