புது ரூகர் மார்க் 4: பெட்டியைத் திறப்பதிலிருந்து முதல் 200 தோட்டா வரை

அமெரிக்காவில் முதன்முதலாகக் கைத்துப்பாக்கி வாங்குகிறவர் கேட்டால், 0.22 எல்.ஆர். தோட்டா போடும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலையே நாங்கள் கைகாட்டுவோம். உதைப்பு குறைவு, தோட்டா மலிவு, அதனால் நிறைய சுட்டுப் பழகலாம். அந்த வகையில் ரூகர் மார்க் 4 நம்பி வாங்கக்கூடியது. 1949-இல் வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் கனெக்டிகட்டில் தொடங்கிய நிறுவனத்தின் முதல் பிஸ்டலிலிருந்து வந்த வரிசை இது. மார்க் 4 வெளியானது 2016-இல்.

ஆனால் புதிதாக வாங்கியவர்களில் பலர் முதல் பெட்டி தோட்டா தீர்வதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "மாட்டிக்கொள்கிறது", "இடது பக்கமாகச் சுடுகிறது". முதல் நாளில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை தோட்டாவிலோ, மேகசினிலோ (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி), எண்ணெயிலோ, சுடுபவரின் விரலிலோ இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் பிஸ்டலின் உண்மையான குணம் தெரியும்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

உரிமம் பெற்ற வியாபாரியிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையும் முடிய வேண்டும். காத்திருப்பு நாட்களும் பூட்டி வைக்கும் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் மாநில விதியைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஆனாலும் கடையில் நெடுநாள் கிடந்த சரக்கு ஆனாலும், சீரியல் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2017 ஜூன் 1-க்கு முன் தயாரான மார்க் 4 பிஸ்டல்களை ரூகர் திரும்ப அழைத்தது. சேஃப்டி லீவர் முழுதாக மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் நிற்கும்போது ட்ரிகரை இழுத்தால், பிறகு லீவரை 'ஃபயர்' பக்கம் தள்ளும் நேரத்தில் பிஸ்டல் தானாகச் சுட்டுவிடக்கூடும் என்பதே காரணம். 401 என்றோ டபிள்யூ.பி.ஆர். என்றோ தொடங்கும் எண்கள் இதில் அடங்கும். சரிசெய்த பிஸ்டலில், சேஃப்டி போட்டதும் தெரியும் வெள்ளைப் புள்ளிக்குள் 'எஸ்' எழுத்து இருக்கும். அது இல்லாமல் அந்த எண் வரிசையும் இருந்தால், ரூகரின் இணையதளத்தில் எண்ணைச் சரிபார்த்து, பழுது நீக்கிய பிறகே சுட வேண்டும்.

சுடும் முன் ஒரு சுத்தம்

புது பிஸ்டல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயோடு வரும். அது பெட்டிக்குள் இருப்பதற்கான எண்ணெய். துடைக்காமல் சுட்டால் கரியும் தோட்டாவின் மெழுகும் அதில் ஒட்டிப் பசையாகிவிடும்.

முதலில் மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டை (குழலின் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் உலோகத் துண்டு) பின்னால் இழுத்து நிறுத்தி, சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் துளையை, கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியாலும் தடவிப் பாருங்கள். முந்தைய மாடலான மார்க் 3-இல் சேம்பரில் தோட்டா இருப்பதைக் காட்டும் சிறு தகடு இருந்தது. மார்க் 4-இல் அது இல்லை. அதனால் இந்த இரட்டைப் பார்வை கட்டாயம். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

காலி என்று உறுதியானதும் போல்ட்டை முன்னால் விட்டு, சேஃப்டியைப் போடுங்கள். ஹேமர் (ட்ரிகரை இழுத்ததும் அடிக்கும் உள் சுத்தியல்) பின்னால் ஏறியிருந்தால்தான் சேஃப்டி விழும். பிறகு பின்பக்கம், போல்ட்டுக்குக் கீழே இருக்கும் பட்டனை அழுத்தினால் மேல்பாகம் எழும்பிக் கையோடு வந்துவிடும். போல்ட் பின்வழியே உருவிக்கொண்டு வரும். முந்தைய மார்க் பிஸ்டல்களைக் கழற்றியவர்களுக்குத்தான் இந்தப் பட்டனின் அருமை தெரியும். அவற்றைத் திரும்ப மாட்டும்போது ஹேமர் ஸ்ட்ரட் என்ற சிறு கம்பி சரியான இடத்தில் உட்காராமல் மணிக்கணக்கில் படுத்தும். இன்னொரு பெரிய நன்மை: கிளாக் போன்ற பிஸ்டல்களைக் கழற்ற ட்ரிகரை இழுத்தாக வேண்டும்; இதில் ட்ரிகரைத் தொடவே வேண்டாம்.

போல்ட் வெளியே வந்ததும் குழலைச் சேம்பர் பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யலாம். சால்வென்ட் நனைத்த துணித்துண்டு இரண்டு, பிறகு உலர்ந்த துணி வெள்ளையாக வரும்வரை. வெண்கல பிரஷ் இப்போது வேண்டாம், சுட்ட பிறகு போதும். போல்ட்டைத் துடைத்து, அது உரசும் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய், ஹேமர் உரசும் அடிப்பகுதியில் ஒரு சொட்டு. அவ்வளவுதான். சேம்பருக்குள்ளும் ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் முள்) ஓடும் காடியிலும் எண்ணெய் விடாதீர்கள். போல்ட்டை உள்பாகங்களாகப் பிரிக்கவும் தேவையில்லை. பிரித்தவர்கள் குறுக்கே போகும் ஃபயரிங் பின் ஸ்டாப்பை மாட்ட மறந்துவிட்டால், காலியாக ட்ரிகரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் முள் சேம்பரின் விளிம்பை இடித்து நசுக்கும்.

மாட்டிய பிறகு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து மூன்று சோதனை. காலி மேகசின் உள்ளே, சேஃப்டி போட்ட நிலை: ட்ரிகர் வேலை செய்யக் கூடாது. சேஃப்டியை எடுத்தால் ஹேமர் விழ வேண்டும். மீண்டும் போல்ட்டை இழுத்து விட்டு, மேகசினை வெளியே எடுத்து ட்ரிகரை இழுத்தால் ஹேமர் விழக் கூடாது. மேகசின் இல்லாமல் சுடாதபடி உள்ளே ஒரு தடுப்பு உண்டு. ஒன்று தவறினாலும் ரேஞ்சுக்குப் போக வேண்டாம், தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள்.

எந்தத் தோட்டா?

மார்க் 4-இன் போல்ட்டுக்குப் பூட்டு கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே அதைப் பிடித்து வைக்கின்றன. தோட்டாவின் அழுத்தமே பின்னால் தள்ளி, காலி உறையை வெளியே எறிந்து, அடுத்ததை ஏற்றுகிறது. எனவே பலம் குறைந்த சப்சானிக் தோட்டா போட்டால் போல்ட் முழுத்தூரம் போகாது. உறை பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் 200 தோட்டாவுக்கு 40 கிரெயின் எடையுள்ள, செம்பு முலாம் பூசிய ஹை வெலாசிட்டி வகை நல்லது. சி.சி.ஐ. மினி மேக் அப்படிப்பட்டது. மொத்தமாக அள்ளி அடைத்த மலிவு டப்பாக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவற்றில் ஈயமுனை நசுங்கியவையும் விளிம்பு மருந்து சீராகப் பரவாதவையும் கலந்திருக்கும்.

மூன்று பிராண்டில் 50 தோட்டாப் பெட்டி ஒவ்வொன்று வாங்கி, நான்காவது பெட்டியாக முதலில் சிக்கலில்லாமல் ஓடியதையே எடுங்கள். ஒரே பிஸ்டல் ஒரு பிராண்டில் ஒரு கைப்பிடி அகலத்துக்குச் சிதறும், இன்னொன்றில் காசளவுக்குள் அடுக்கும். எது என்று சுட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ரேஞ்சில்

கண்ணாடியும் காதுக் கவசமும் கழற்றவே வேண்டாம். 0.22 சின்னச் சத்தம்தானே என்று நினைப்பவர்கள் அதிகம். காதைக் கெடுக்கும் 140 டெசிபெல் எல்லையை இந்தச் சின்னக் குழலும் தாண்டும்.

மேகசின்களில் பெயிண்ட் பேனாவால் 1, 2 என்று எழுதிவிடுங்கள். 10 தோட்டா கொள்ளும். பக்கத்தில் இருக்கும் பட்டனைக் கீழே இழுத்து ஏற்றும்போது, ஒரு தோட்டாவுக்குத் தேவையான அளவே இழுக்க வேண்டும். ஒரேயடியாகக் கீழே இழுத்துத் தோட்டாக்களை உள்ளே கொட்டினால் மூக்கு கீழே சாய்ந்து அடுக்கு குலையும். "ஏற்றம் சரியில்லை" என்ற புகாரில் பாதி இங்கிருந்தே வருகிறது. ஒவ்வொன்றும் பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்ததா என்று பாருங்கள். பிஸ்டலில் நுழைக்கும்போது 'க்ளிக்' கேட்கும்வரை அடியில் உள்ளங்கையால் தள்ளுங்கள். சேஃப்டி போட்டபடியே போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றலாம், இறக்கலாம். அந்த வசதியைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்து நிற்கவில்லையா? வலது கைக்காரர்களில் பெரும்பாலும் கட்டைவிரல் போல்ட் ஸ்டாப் (போல்ட்டைத் திறந்த நிலையில் நிறுத்தும் லீவர்) மேல் படுத்திருக்கும். பிடியைச் சற்றுக் கீழே இறக்கினால் சரியாகிவிடும்.

ட்ரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் அசையாதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்து, பிறகு வெளியே எடுங்கள். விளிம்பில் விழுந்த குழியைப் பாருங்கள். ஆழமான குழி என்றால் தோட்டா கெட்டது. மேலோட்டமான கீறல் என்றால் சேம்பரில் அழுக்கு சேர்ந்து தோட்டா முழுதாக உட்காரவில்லை. முள்ளின் முதல் அடி தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகியிருக்கும். அந்தத் தோட்டாவை மறுபடி ஏற்றாமல், ரேஞ்சில் அதற்கென வைத்திருக்கும் டப்பாவில் போடுங்கள். வழக்கத்துக்கு மாறாக 'புஸ்' என்ற மெல்லிய சத்தம் வந்தால் இன்னும் கவனம். ஈயம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். சுடுவதை நிறுத்தி, பிஸ்டலைக் காலி செய்து, பின்பக்கமிருந்து குழலில் கம்பி விட்டுப் பாருங்கள்.

குறி தப்பினால்

முதல் நாளே பின் குறியின் (பிஸ்டலின் மேல் பின்பக்கம் இருக்கும் குறிபார்க்கும் தகடு) திருகைத் தொடாதீர்கள். வலது கைக்காரரின் குண்டுகள் இடது பக்கம் கீழே போய்க் கூடுவது, வெடிப்பை எதிர்பார்த்துக் கையை இறுக்குவதால் வரும் பழுது. திருகைச் சுற்றினால் அந்தத் தவறு பிஸ்டலுக்குள் பதிந்துவிடும். முதலில் 7 கெஜத்தில் பழகுங்கள். பிறகு 25 கெஜத்தில் மேசைமேல் மணல் பை வைத்து, 5 குண்டுகளாக மூன்று முறை சுட்டுப் பாருங்கள். கூடவே அனுபவமுள்ள ஒருவரை அதே தோட்டாவால் சுடச் சொல்லுங்கள். இருவருக்கும் குண்டுகள் ஒரே பக்கம் விலகினால் மட்டுமே திருகலாம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின் குறி நகர வேண்டும்.

விரலைத் திருத்த, வீட்டில் காலி பிஸ்டலோடு தினமும் 10 நிமிடம் போதும். சேம்பரில் போட மஞ்சள் பிளாஸ்டிக் டிரைவால் ஆங்கர்களைப் பலர் பயன்படுத்துகிறார்கள். மலிவு, கண்ணுக்கும் தெளிவாகத் தெரியும். முன் குறி அசையாமல் ஹேமர் விழும்வரை அழுத்திப் பழகுங்கள்.

200-ஐத் தாண்டியதும்

குழலைவிடச் சேம்பரும், காலி உறையைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியும்தான் சீக்கிரம் அழுக்காகும். பழைய டூத் பிரஷ் நுனியால் கொக்கியின் அடியைச் சுரண்டி, வெண்கல பிரஷ்ஷைச் சேம்பரில் நாலு முறை ஓட்டினால் மறுபடி ஓடத் தொடங்கும். சுத்தம் செய்ததும் கையைக் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வையுங்கள். ஈயத்தூள் கண்ணுக்குத் தெரியாது. பிஸ்டலைப் பூட்டிய பெட்டியிலும் தோட்டாவை வேறு பூட்டிலும் வையுங்கள், குழந்தைகள் வந்துபோகும் வீடானால் இதில் விலக்கே இல்லை.

ஒரு நோட்டில் தோட்டாவின் பிராண்ட், மேகசின் எண், எத்தனையாவது குண்டில் என்ன நடந்தது என்று மூன்று பத்தி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். தடங்கல் 2-ஆம் மேகசினில் மட்டும் வந்தால் மேகசினை மாற்றுங்கள், ஒரு பிராண்டில் மட்டும் வந்தால் அந்தத் தோட்டாவை விட்டுவிடுங்கள். சுத்தமான பிஸ்டலில், இரண்டு மேகசினிலும், எல்லாப் பிராண்டிலும் தொடர்ந்து வந்தால் மட்டும் அந்த நோட்டின் நகலோடு ரூகரின் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.