சுண்டெலி மூளையில் நியூரான் சிலியம் வளர்வதைப் படம்பிடிப்பது எப்படி?

பெரும்பாலான நியூரான்களின் (நரம்புச் செல்களின்) உடலில் ஒரே ஒரு மெல்லிய இழை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் முதன்மை சிலியம். அது துடிக்காது, வெளியிலிருந்து வரும் வேதிச் சைகைகளை வாங்கும். அது எப்போது முளைத்து எவ்வளவு காலம் வளர்கிறது என்று பார்க்க நான் பின்பற்றும் முறை இது. விலங்கு ஆய்வுக்கான நெறிக்குழு அனுமதி, நுண்ணோக்கிப் பயிற்சி இரண்டும் உங்களிடம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் சிலியம் நிலைக்காது. சிலியத்தின் அடியில் இருப்பது சென்ட்ரியோல் என்ற சின்னக் குழாய் உறுப்பு. செல் பிரியவும் சென்ட்ரியோல்கள் தேவை, அதனால் சிலியம் கலைந்து கலைந்து மறுபடி முளைக்கும். நியூரானாகிப் பிரிவதை நிறுத்திய பிறகுதான் தாய் சென்ட்ரியோல் (இரண்டில் மூத்தது) செல் சவ்வில் நிலையாக ஊன்றிக்கொள்கிறது. பெருமூளைப் புறணியில், இடம்பெயர்ந்துகொண்டிருக்கும் நியூரானில் சின்ன முளை மட்டுமே இருக்கும். தன் அடுக்கை அடைந்த பிறகே அது நீளத் தொடங்குகிறது.

படி 1: வயதுகளைத் தேர்ந்தெடுங்கள்

பிறந்த நாள், பிறகு 7, 14, 30, 90-ஆம் நாட்கள். கடைசி வயதை விட்டுவிடாதீர்கள். சுண்டெலிப் புறணியில் சிலியம் முழு நீளத்தை எட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். 30-ஆம் நாளோடு நிறுத்தினால் வளர்ச்சியின் பின்பகுதி உங்களுக்குக் கிடைக்காது.

படி 2: பதப்படுத்தி வெட்டுங்கள்

4% பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, வைப்ரடோமால் (அதிரும் கத்தியுள்ள வெட்டும் கருவி) 40 மைக்ரான் தடிமனில் வெட்டுங்கள். 10 மைக்ரான் தடிமனில் வெட்டுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். சில மைக்ரான் நீளமுள்ள இழைகள் பல பாதியிலேயே அறுபட்டுப் போகும்.

படி 3: எந்த ஆன்டிபாடி?

குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பிடித்து ஒளிரவைக்க ஆன்டிபாடி வேண்டும். நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். வளர்ப்புச் செல்களில் அசிட்டைலேற்ற டியூபுலின் (செல்லின் நுண்குழாய்களில் உள்ள புரதம்) ஆன்டிபாடி சிலியத்தை அழகாகக் காட்டும். அதையே மூளை வெட்டில் போட்டேன், படம் முழுக்க ஒளிர்ந்தது. ஆக்சான், டெண்ட்ரைட் எல்லாவற்றிலும் அந்த டியூபுலின் நிறைந்திருக்கிறது. எவ்வளவு நீர்த்தாலும் சிலியம் தனியாகத் தெரியாது. மூளைக்கு அது வேண்டாம்.

அடுத்து நியூரான் சிலியத்தில் உள்ள ஏ.சி.3 (அடினைலில் சைக்லேஸ் 3) என்ற நொதிக்கான ஆன்டிபாடி வாங்கினேன். வளர்ந்த எலியில் நியூரான் சிலியம் ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தது. பிறந்த குட்டியிலோ அநேகமாக எதுவுமே இல்லை. ‘பிறக்கும்போது சிலியமே இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். அது தவறு. அதே வயது வெட்டில் ஏ.ஆர்.எல்.13.பி என்ற இன்னொரு சிலியப் புரதத்துக்கான ஆன்டிபாடியைப் போட்டதும் குட்டையான சிலியங்கள் வரிசையாகத் தெரிந்தன. இளம் நியூரானில் ஏ.ஆர்.எல்.13.பி நன்றாகத் தெரியும், வயது ஏற ஏற ஏ.சி.3 மேலோங்கும். வளர்ந்த புறணியில் ஏ.ஆர்.எல்.13.பி பளிச்சென்று காட்டுபவற்றில் பெரும்பகுதி ஆஸ்ட்ரோசைட்டுகளின் (நியூரானுக்குத் துணை நிற்கும் செல்களின்) சிலியம். ஒரே குறியை வைத்து எல்லா வயதையும் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது புரத மாற்றத்தை, வளர்ச்சியை அல்ல.

ஆகவே எல்லா வயதிலும் இரண்டையும் சேர்த்தே போடுங்கள். சிலியம் நியூரானுடையதா என்று அறிய, நியூரான்களின் உட்கருவைக் காட்டும் நியூஎன் ஆன்டிபாடியையும் சேருங்கள். பக்கத்து வெட்டில் சிலியக் குறியோடு, சிலியத்தின் அடிப்பகுதியைப் புள்ளியாகக் காட்ட பெரிசென்ட்ரின் (சென்ட்ரியோலைச் சுற்றியுள்ள புரதம்) ஆன்டிபாடியும் போடுங்கள். அந்த வெட்டில், ஒரு முனையில் புள்ளி இல்லாத இழையை நான் எண்ணுவதில்லை. வாங்கும் முன் ஆன்டிபாடி உருவான விலங்கைப் பாருங்கள்: ஏ.சி.3, பெரிசென்ட்ரின் இரண்டும் முயலிலிருந்து வந்தால், முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடியால் பிரித்தறிய முடியாது.

படி 4: படம், அளவு

கன்போகல், 63 மடங்கு எண்ணெய் லென்ஸ், 0.3 மைக்ரான் இடைவெளியில் அடுக்குப்படம். அளக்க ஃபிஜி என்ற இலவச மென்பொருள் போதும், விலை கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. அடுக்குகளை ஒரே தளமாக நசுக்கிய படத்தில் மட்டும் அளக்காதீர்கள். தளத்தில் 3 மைக்ரான் தெரியும் சிலியம் ஆழத்தில் 4 மைக்ரான் சரிந்திருந்தால் அதன் உண்மை நீளம் 5. கோப்புப் பெயரிலிருந்து வயதை நீக்கிவிட்டு அளங்கள்.

பின்சேர்க்கை: ரத்தக் குழாய்களெல்லாம் ஒளிர்கின்றன என்று வாசகர் ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார். சுண்டெலியில் உருவான ஆன்டிபாடியைச் சுண்டெலித் திசுவிலேயே போட்டதால் வந்தது அது. இரண்டாம் ஆன்டிபாடி, திசுவில் மிஞ்சிய எலியின் சொந்த ஆன்டிபாடிகளையும் பிடித்துக்கொள்கிறது. பதப்படுத்தும்போது ரத்தத்தை முழுமையாகக் கழுவி வெளியேற்றுங்கள், உங்கள் முதல் ஆன்டிபாடியின் துணை வகையை மட்டும் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியை வாங்குங்கள். முதல் ஆன்டிபாடி போடாத வெட்டு ஒன்றை ஒவ்வொரு முறையும் உடன் வையுங்கள்.