கெட்ட டெம்ப்ளேட்டைத் திருத்தாமல் திரும்பப் போடுவது

மாங்குளத்தில் நான் நடத்துவது ஒரு சின்னக் கொமினிகேசன். போட்டோகொப்பி, கடிதம் டைப் அடிப்பது, பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கிற படிவங்கள், இவ்வளவும்தான் வேலை. நாள் முழுக்க யாராவது பென் டிரைவை நீட்டுவார்கள், வைரஸ் இல்லாத பென் டிரைவ் வருவது அரிது. ஒவ்வொரு வேலையையும் ‘கியூப்’ என்ற தனித்தனி மெய்நிகர் கணினிக்குள் அடைத்து ஓட்டும் கியூப்ஸ் ஓஎஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறினது அதனால்தான். பென் டிரைவ் போய் நிற்பது ஒரு தனிக் கியூப்பில். கோப்பைத் திறப்பது டிஸ்போசபிள் என்ற தற்காலிகக் கியூப்பில். மூடினால் அதுவும் போய்விடும்.

ஆனால் டிஸ்போசபிள், கடைக் கணக்கு, மின்னஞ்சல் மூன்றும் ஒரே டெபியன்-12 (ஒரு லினக்ஸ் வகை) டெம்ப்ளேட்டின் மேல்தான் ஓடுகின்றன. டெம்ப்ளேட் என்பது கியூப்களுக்கு இயங்குதளத்தையும் செயலிகளையும் கொடுக்கிற மூல அச்சு. கடைப் பொடியன் புதுப் பிரிண்டரோடு வந்த டிரைவரை அந்த டெம்ப்ளேட்டுக்குள்ளேயே போட்டுவிட்டான். டெம்ப்ளேட்டில் ஒன்றை நிறுவினால் அதன் ஸ்கிரிப்டுகள் ரூட், அதாவது முழு அதிகாரத்தோடு ஓடும். என்னென்னவற்றைத் தொட்டது என்று தேடிக்கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை. கிணற்றுக்குள் எலி செத்துக் கிடந்தால் மேல்தண்ணீரை மட்டும் அள்ளிவிட்டுக் குடிப்போமா?

நம்பிக்கைப் பிரச்சினை இல்லை, நேற்றைய அப்டேட்தான் சரிவரவில்லை என்றால் டெம்ப்ளேட்டையே அழித்துத் திரும்பப் போடுகிற பாடு தேவையில்லை. டெம்ப்ளேட்டை நிறுத்திவிட்டு, டொம்-சீரோ (எல்லாக் கியூப்களையும் நடத்துகிற மையப் பகுதி) டெர்மினலில் இதை அடித்துப் பாருங்கள். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

கியூவிஎம்-வால்யூம் ரிவர்ட் டெபியன்-12-எக்ஸ்எஃப்சிஇ:ரூட்

இது முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும். கைவசம் இருப்பது பெரும்பாலும் ஓரிரண்டு பழைய நிலைகள்தான். அதற்குள் டெம்ப்ளேட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடியிருந்தால் பலிக்காது.

சரி, திரும்பப் போடுவதென்றே முடிவு. முதலில் எடுத்து வைக்க வேண்டியதை எடுத்து வையுங்கள். டெம்ப்ளேட்டின் சொந்த ஹோம் கோப்புறையும் இதில் அழியும். நீங்கள் நிறுவிய பொதிகளின் (மென்பொருள்களின்) பெயர்களை, டெம்ப்ளேட்டின் டெர்மினலில் அடிக்கிற அப்ட்-மார்க் ஷோமேனுவல் என்ற கட்டளை காட்டும். பட்டியல் நீளமாக வரும், நிறையப் பெயர்கள் டெம்ப்ளேட்டோடு வந்தவைதான். உங்களுடையதை மட்டும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். கோப்பாகக் கடத்துவதைவிட எனக்கு அதுதான் நிம்மதி. கணக்கு, மின்னஞ்சல் போன்ற ஆப் கியூப்களின் ஹோமுக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

எழுத்துரு விசயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய கடிதங்களும் கோயில் நோட்டீஸ்களும் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வருகின்றன. எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால், புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் அரைப்புள்ளி விழுந்து, திரை முழுக்க ஆங்கில எழுத்தாகக் கொட்டும். பாமினியை டெம்ப்ளேட்டுக்குள் போட்டு வைத்தால் ஒவ்வொரு தடவையும் தொலையும். டிஸ்போசபிள்களுக்கு அச்சாக இருக்கிற டிபோல்ட்-டிவிஎம் என்ற கியூப்பின் ஹோமுக்குள், புள்ளியோடு தொடங்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறையில் போடுங்கள். அதிலிருந்து பிறக்கும் எல்லா டிஸ்போசபிளுக்கும் பாமினி கிடைக்கும், டெம்ப்ளேட்டை மாற்றினாலும் அசையாது.

அடுத்தது தரவிறக்கம். டெம்ப்ளேட் பெரிய கோப்பு, ஒரு ஜிபியையும் தாண்டலாம். டொம்-சீரோவுக்கு இணையம் கிடையாது. வழக்கமாக சிஸ்-ஃபயர்வால் என்ற கியூப்தான் அதற்காக இறக்கிக் கொடுக்கும். ஆகவே அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இருப்பது சிம் போட்ட ரவுட்டர், பகல் டேட்டாவைக் கரைக்க மனமில்லை. இரவில் கியூவிஎம்-டெம்ப்ளேட் டவுன்லோட் கொடுத்துக் கோப்பை இறக்கி வைத்துவிட்டு, காலையில் டெம்ப்ளேட் பெயருக்குப் பதிலாக அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து ரீஇன்ஸ்டால் செய்வேன். நல்ல இணைப்பு இருந்தால் நேரடியாக இதுவே போதும்:

கியூவிஎம்-டெம்ப்ளேட் ரீஇன்ஸ்டால் டெபியன்-12-எக்ஸ்எஃப்சிஇ

இதற்கு முன் டெம்ப்ளேட்டை நிறுத்தியிருக்க வேண்டும். கையொப்பம் சரியில்லை என்று டொம்-சீரோ மறித்தால் கோப்பைத் திரும்ப இறக்குங்கள். கையொப்பத்தைப் பார்க்காமலே விட நோஜிபிஜிசெக் என்று ஒரு வழி இருக்கிறது. யார் சொன்னாலும் அதைப் போடாதீர்கள். நீங்களே குளோன் (நகல்) செய்து வேறு பெயர் வைத்த டெம்ப்ளேட்டாக இருந்தால் இந்தக் கட்டளை மறுத்துவிடும். அதற்கு மூல டெம்ப்ளேட்டை ரீஇன்ஸ்டால் செய்து, புதிதாகக் குளோன் எடுக்க வேண்டியதுதான்.

முடிந்ததும் முதலில் அப்டேட். பிறகு கொப்பியைப் பார்த்துப் பொதிகளைப் போடுங்கள், ஆனால் டெபியனின் களஞ்சியத்தில் இருப்பதை மட்டும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் அங்கேயே இருக்கிறது. அந்த பிரிண்டர் டிரைவர் வேண்டவே வேண்டும் என்றால் டெம்ப்ளேட்டைக் குளோன் செய்து, அதற்குள் போட்டு, பிரிண்டருக்கென்று வைத்த கியூப்பை மட்டும் அந்தக் குளோனில் ஓட்டுங்கள்.

டெம்ப்ளேட்டை நிறுத்தினபின் மற்றக் கியூப்களை ஒவ்வொன்றாக மூடித் திறக்க வேண்டும். மூடும்வரை அவை பழைய டெம்ப்ளேட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதே டெம்ப்ளேட்டில் ஓடினால் சிஸ்-ஃபயர்வாலும் இணைய இணைப்பைக் கவனிக்கிற சிஸ்-நெட்டும் அப்படித்தான், பலர் மறப்பது இவை இரண்டையும். எனக்குச் சுலபம், கணினியையே ஒருதரம் மறுதொடக்கம் செய்துவிடுவது. மெனுவில் ஏதாவது செயலியைக் காணவில்லை என்றால் அந்தக் கியூப்பின் செட்டிங்ஸில் அப்ளிகேசன்ஸ் பகுதிக்குப் போய் ரிஃப்ரெஷ் கொடுங்கள், வந்துவிடும்.