பார்வைக் குறையுள்ளவர்கள் செல்பேசியில் ஒலிநூல் எடுத்துக் கேட்பது எப்படி?

அச்சு நூலைக் கண்ணால் வாசிக்க இயலாதவர்களுக்காக நம் நாட்டில் இயங்கும் இணைய நூலகம் சுகம்ய புஸ்தகாலயா. இது 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பார்வையற்றோர் பள்ளி நெடுங்காலமாக நடந்துவரும் பாளையங்கோட்டையிலேயே இந்நூலகத்தை அறியாத வீடுகள் உண்டு என்பதால், முதல் படியிலிருந்தே விளக்குகிறேன்.

முதலில் உறுப்பினராக வேண்டும். முழுப் பார்வையிழப்பு உள்ளவர்கள் மட்டுமல்லாமல், குறைபார்வை உடையவர்களும், எழுத்துகளை வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா உள்ளவர்களும், கை வழங்காததால் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்ட முடியாதவர்களும் சேரலாம். நூலகத்தின் தளத்தில் பதிவுப் படிவத்தை நிரப்பி, குறைபாட்டுக்கான சான்றை இணைத்தால், இந்திய டெய்சி மன்றத்தைச் (டெய்சி என்பது அச்சு நூலை வாசிக்க இயலாதவர்களுக்கான மின்நூல் வடிவம்) சேர்ந்த ஓர் அமைப்பு அதனைச் சரிபார்த்து ஒப்புதல் தரும். சான்று கேட்பது வெறும் அலுவலக வழக்கம் அன்று. 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், இத்தகைய வாசகர்களுக்காக மட்டுமே நூல்களை வேறு வடிவத்துக்கு மாற்ற இடமளிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையான யுடிஐடி அட்டை இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். சர்க்கரை நோயால் பார்வை மங்கிய பெரியவர்கள் "எனக்கு என்னத்துக்கு அந்த அட்டை?" என்று தட்டிக் கழிப்பதுண்டு, ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டியது வீட்டிலுள்ளவர்கள்தாம்.

அடுத்து, ஆண்ட்ராய்டு செல்பேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குச் சென்று திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கை இயக்குங்கள். திரையை விரலால் வலப்புறம் தள்ளினால் அடுத்த பொத்தானின் பெயர் ஒலிக்கும்; வேண்டியது வந்ததும் இருமுறை தட்டினால் அது திறக்கும். உதவி செய்பவர் தாமே தட்டிக் கொடுத்துவிடாமல், கேட்பவரின் விரலையே பழக விடுவது நல்லது.

பிறகு, டெய்சி நூல்களைப் படிக்கும் ஈஸிரீடர் செயலியை இலவசமாக நிறுவிக்கொள்ளுங்கள். அதிலுள்ள நூலகப் பட்டியலில் சுகம்ய புஸ்தகாலயாவைத் தேர்ந்து, உறுப்பினர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு, நூலின் தலைப்பையோ ஆசிரியர் பெயரையோ தேடலாம்.

பலர் தடுமாறும் இடம் வடிவத் தேர்வு. டெய்சி ஆடியோ என்பது பதிவு செய்யப்பட்ட குரல். கோப்பு பெரிதாக இருக்கும். டெய்சி டெக்ஸ்ட் என்பது எழுத்துக் கோப்பு. அதைச் செல்பேசியின் செயற்கைக் குரல் வாசிக்கும் என்பதால், தமிழ்க் குரல் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும். கதை கேட்க மனிதக் குரலும், போட்டித் தேர்வுக்குப் படிக்க எழுத்துக் கோப்பும் ஏற்றவை என்பது என் கருத்து. பிந்தையதில் ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்க முடியும். சாதாரண ஒலிக் கோப்பில் குத்துமதிப்பாகத் தள்ளித் தேட வேண்டியிருக்க, டெய்சியில் அத்தியாயத் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். நிறுத்திய இடத்தில் குறியும் வைக்கலாம்.

பாபநாசம் மலையடிவாரம் போன்று சிக்னல் குறைந்த ஊர்களில் இருப்பவர்கள், திருநெல்வேலிக்கு வரும்போது நூலைப் பதிவிறக்கிக்கொண்டால், பிறகு இணையம் இல்லாமலே கேட்கலாம். கேட்டு முடித்த நூலை அழித்துவிட்டால் செல்பேசியில் அடுத்த நூலுக்கு இடம் கிடைக்கும்.

சான்று பெறும் தகுதி இல்லாதவர்கள் லிப்ரிவாக்ஸ் தளத்தை நாடலாம். 2005-இல் தொடங்கிய அத்தளத்தில், காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவேற்றுகிறார்கள். உறுப்பினராகாமலே எவரும் கேட்கலாம்.