தலைக்காயத்துக்குப் பின் நரம்பணுக்கள் இறப்பது எப்படி? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டிலிருந்து கோரிமேட்டுக்கு இறங்கும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றில் ஏதேனும் ஒன்றில் இருசக்கர வாகனம் சறுக்கித் தலையில் அடிபட்டவரைப் பார்த்து, ‘நடக்க வேண்டியது அந்த நொடியிலேயே நடந்து முடிந்துவிட்டது’ என்று உடனிருப்பவர்கள் எண்ணுவதே முதல் தவறு. மற்றத் தவறுகள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன. மோதலில் கிழிந்துபோன நரம்பணுக்களை மீட்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவற்றைச் சுற்றி உயிரோடு இருக்கும் அணுக்களில் பல, அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு இறக்கின்றன. நம் கை ஓரளவேனும் எட்டக்கூடியது இந்த இரண்டாவது இழப்பைத்தான்.

மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றைத் தூண்டப் பெரும்பாலும் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளையே பயன்படுத்துகிறது. வேலை முடிந்ததும் அருகிலுள்ள துணை அணுக்கள் அதை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. இதற்கு இடையறாத ஆற்றல் தேவை. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வதற்கு இத்தகைய வேலைகளே காரணம். அடிபட்ட பகுதியில் ரத்த ஓட்டம் குறைந்து ஆற்றல் தீரும்போது, சோடியத்தை வெளியேற்றும் இயக்கம் நின்று, அணுச்சவ்வின் மின்னழுத்தம் சரிந்து, குளூட்டமேட் கொட்டத் தொடங்குகிறது. அதை உறிஞ்ச வேண்டிய அமைப்புகளோ தலைகீழாக இயங்கி மேலும் வெளியேற்றுகின்றன. அணுச்சவ்வில் குளூட்டமேட்டுக்குத் திறக்கும் என்எம்டிஏ வாயில்களைச் சாதாரண நேரத்தில் மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும்; அவை அப்போது திறந்துகொள்ள, அணுவுக்குள் இருப்பதைவிட வெளியே சுமார் 10,000 மடங்கு செறிவாக உள்ள கால்சியம் உள்ளே பாய்கிறது. அது கால்பெய்ன் போன்ற நொதிகளைத் தூண்டி அணுவின் உட்கட்டமைப்பைச் செரிக்க வைக்கிறது; அணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை வீங்கச் செய்கிறது. இறக்கும் அணுவிலிருந்து கசியும் குளூட்டமேட் பக்கத்து அணுவையும் தாக்குவதால், காயத்தின் எல்லை விரிந்துகொண்டே போகிறது.

இதைப் படிக்கும் சிலர், குளூட்டமேட்டின் உப்பான அஜினோமோட்டோவையும் கால்சியம் மாத்திரையையும் குற்றவாளிகளாக்கிவிடுகிறார்கள். பிறந்த எலிக்குஞ்சுகளுக்குக் குளூட்டமேட்டை ஊசியாகச் செலுத்தினால் மூளை அணுக்கள் இறப்பதை 1969இல் ஜான் ஓல்னி காட்டினார். ஆனால் நாம் உணவில் உண்பதில் பெரும்பகுதி குடலிலேயே பயன்பட்டுவிடுகிறது. எஞ்சியதையும், ரத்தத்திலிருப்பவை மூளைக்குள் எளிதில் நுழையாமல் காக்கும் ரத்த–மூளைத் தடுப்பு பெருமளவு நிறுத்திவிடுகிறது. இங்கே கொல்லும் குளூட்டமேட் மூளைக்குள்ளேயே இருப்பது. மருத்துவர் எழுதிய கால்சியத்தை இந்தப் பயத்தால் நிறுத்துவது வீண்.

விபத்து நடந்த இடத்தில் செய்யும் தவறுகள்தான் என்னை மிகவும் வருத்துபவை. மயங்கியவரை இருவருக்கு நடுவே பைக்கில் உட்கார வைத்து மலையிறக்கினால், தலை தொங்கி மூச்சுப்பாதை அடைபடும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தண்டுவடமும் சேதமடையும். ஆக்சிஜன் குறைவதும் ரத்த அழுத்தம் விழுவதும் மேலே சொன்ன ஆற்றல் பஞ்சத்தை நேரடியாகப் பெருக்குகின்றன. ஆகவே 108ஐ அழைத்து, கழுத்தை அசைக்காமல், மூச்சு தடையின்றி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, ரத்தம் ஒழுகும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிப்பதே சரி. தண்ணீரோ காப்பியோ வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தையோ இரும்புக் கம்பியையோ கையில் திணிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. அதனால் ஒரு பயனும் இல்லை, நேரம்தான் போகிறது. வலிப்பின்போது நரம்பணுக்கள் ஓயாமல் தூண்டப்பட்டு, இருக்கும் கொஞ்ச ஆற்றலையும் செலவழிக்கின்றன. வாயில் எதையும் வைக்காமல், முடிந்தவரை தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேராகத் திரும்பும்படி பக்கவாட்டில் கிடத்த வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு உடனடி மருந்து தேவைப்படும் அவசரநிலை. வார்டில் இருக்கும்போது வரும் காய்ச்சலையும் ‘அடிபட்ட உடம்பு சுடத்தான் செய்யும்’ என்று விட்டுவிடக் கூடாது. உடல் வெப்பம் ஏறினால் மூளையின் ஆற்றல் தேவையும் ஏறும். அதற்காகப் பனிக்கட்டி வைத்து உடலைக் குளிர்விக்கச் சொல்லி நாமே வற்புறுத்துவதும் சரியன்று.

குளூட்டமேட்டை அடைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். என்எம்டிஏ வாயிலை மூடும் மருந்துகள் விலங்குகளில் பலன் தந்தும் மனிதர்களிடம் தோற்றன. குளூட்டமேட் வெள்ளம் முதல் சில மணி நேரத்திலேயே வந்து போய்விடுவதும், அதன்பின் அணுக்கள் பிழைத்துத் தேறுவதற்கு அதே வாயில் தேவைப்படுவதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். மூளை வீக்கத்துக்கு ஸ்டெராய்டு ஊசி போடச் சொல்லிக் கேட்பவர்களும் ஒன்றை அறிய வேண்டும்: தலைக்காயம்பட்ட 10,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2004இல் வெளியான கிராஷ் ஆய்வில், ஸ்டெராய்டு பெற்றவர்களிடையேதான் இறப்பு கூடியிருந்தது.

எழுந்து நடந்து பேசுகிறார் என்பதால் வீட்டுக்கு அழைத்துப் போவதும் ஆபத்தானதே, ஏனெனில் மண்டையோட்டுக்குக் கீழே ரத்தம் கட்டுபவர்களில் சிலர் முதலில் தெளிவாக இருந்து, சில மணி நேரம் கழித்தே மயங்குகிறார்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், முதல் ஸ்கேன் நன்றாக இருந்திருந்தால்கூட, மறுபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். செலவை எண்ணித் தயங்குபவர்களுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவுகிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை போன்ற இடங்களில் சேர்க்கும்போது, அடிபட்ட நேரம், இடையில் நினைவு தப்பியதா, வலிப்பு வந்ததா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரா என்ற நான்கையும் கூட வந்தவர் தாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.