சால்டரிங் பிடிக்கவில்லையா? பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

எலக்ட்ரானிக் போர்டில் உறுப்புகள் எல்லாவற்றையும் சால்டரால் (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) பொருத்தியாகிவிட்டது. மின்சாரம் கொடுத்தால் எல்இடி எரியவில்லை. அல்லது போர்டை அசைத்தால் மட்டும் எரிகிறது. உடனே ஐசி (சிப்) போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். புதிதாகக் கையால் சால்டர் செய்த போர்டில் கோளாறு பெரும்பாலும் இணைப்புகளில்தான் இருக்கும். அதிலும் பல நேரம் ஒரே காரணம்தான்: சூடு சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை.

1. முதலில் பாருங்கள்

மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் ஃபிளக்ஸ் (சால்டரைப் பரவவிடும் பொருள்) கறையைத் தேய்த்து எடுங்கள். கறைக்கு அடியில் எதுவும் தெரியாது. பிறகு, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, உருப்பெருக்கி வழியாக ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள்.

துளையில் செருகிய உறுப்பின் காலுக்கு நல்ல இணைப்பு என்றால், பேடின் (போர்டில் சால்டர் பிடிக்க வேண்டிய செம்புப் பரப்பு) விளிம்பில் மெலிதாகத் தொடங்கும் சால்டர் உட்குழிந்த சரிவாகக் காலின்மேல் ஏறியிருக்கும். உருண்டையாகத் திரண்டு நின்றால் சந்தேகப்படுங்கள். அது பேடில் பரவவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். காலைச் சுற்றி வளையம்போல ஒரு விரிசல் தெரிந்தாலும் அதே கதைதான்.

பளபளப்பை மட்டும் நம்பவேண்டாம். ஈயம் கலந்த சால்டரில் மங்கலும் சொரசொரப்பும் கோளாறின் அடையாளம். ஈயமில்லாச் சால்டரோ நன்றாகப் பிடித்திருந்தாலும் சற்று மங்கலாகத்தான் இருக்கும். அங்கே வடிவத்தைப் பாருங்கள்.

2. சால்டரிங் அயர்ன் முனையைக் கவனியுங்கள்

முனை கறுத்திருந்தால் அந்த ஆக்சைடு படலம் சூட்டைத் தடுக்கும், சால்டரும் ஒட்டாது. பித்தளை நார்ச்சுருளில் குத்தித் துடைத்து, உடனே புதுச் சால்டரை உருக்கிப் பூசுங்கள். உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. செம்பு முனையின் மேலிருக்கும் இரும்புப் பூச்சு போனால் முனை விரைவில் அரித்துப்போகும்.

3. சரியாகப் பிடிக்காத இணைப்பை மறுபடி உருக்குங்கள்

இங்கே நிதானம் வேண்டும். பலரும் உருண்டையின் தலையில் இன்னும் கொஞ்சம் சால்டரை வைக்கிறார்கள். அதனால் பயனில்லை. தேவைப்படுவது ஃபிளக்ஸ், அதுதான் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடை நீக்கிச் சால்டரைப் பரவவிடும்.

இணைப்பின்மேல் சிறிது ஃபிளக்ஸ் தடவுங்கள். முனையின் நுனியை அல்ல, தட்டையான பக்கத்தை, காலும் பேடும் சந்திக்கும் மூலையில் இரண்டையும் தொடும்படி வையுங்கள். பழைய சால்டர் உருகியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து புதுச் சால்டர் கம்பியைத் துளி மட்டும் கொடுங்கள். உருண்டை சட்டென்று தளர்ந்து பேடு முழுவதும் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கம்பியை முதலில் எடுங்கள், பிறகு அயர்னை. மொத்தம் 2 முதல் 4 நொடி. சால்டர் உறையும்வரை போர்டு அசையக் கூடாது. அசைந்தால் உள்ளே விரிசல் விழும்.

63/37 தகர-ஈயச் சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாத எஸ்ஏசி305 வகை 217 முதல் 220 டிகிரியில். முதலாவதற்கு முனையை 320–350 டிகிரியிலும், இரண்டாவதற்கு 350–380 டிகிரியிலும் வைத்துத் தொடங்கலாம்.

கிரவுண்ட் (சுற்றின் பொது மைனஸ்) பேடு மட்டும் பிடிக்க மறுக்கிறதா? அதோடு இணைந்த அகலமான செம்புத் தளம் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போகாமல் அகலமான உளிவடிவ முனையை மாட்டுங்கள். மிகுந்த சூட்டில் ஃபிளக்ஸ் வேலை செய்யுமுன்பே கருகிவிடும். பேடும் பெயர்ந்து வரும்.

4. சால்டர் பாலங்கள்

இரண்டு கால்களைச் சால்டர் சேர்த்துவிட்டால் ஃபிளக்ஸ் தடவி, சுத்தமான முனையால் கால்களின் நீளவாக்கில் இழுங்கள். பெரும்பாலும் பிரிந்துவிடும். பிரியாவிட்டால் சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னலை வைத்து மேலே சூடு கொடுங்கள். பின்னலும் முனையும் ஒன்றாக எழவேண்டும்; பின்னல் உறைந்து ஒட்டியபின் இழுத்தால் பேடும் கூடவே வரும்.

பேடு ஏற்கெனவே பெயர்ந்திருந்தால் அதிலிருந்து செல்லும் செம்புத் தடம் போய்ச்சேரும் அடுத்த இணைப்புவரை மெல்லிய கம்பி ஒன்றைச் சால்டர் செய்துவிடுங்கள்.

5. மல்ட்டிமீட்டரால் உறுதிசெய்யுங்கள்

மின்சாரம் இல்லாத நிலையில், தொடர்ச்சி சோதனையில் (இணைப்பு இருந்தால் மீட்டர் ஒலிக்கும்) மீட்டரின் ஒரு முள்ளை உறுப்பின் காலிலும் மற்றதை அதே தடத்தின் மறுமுனையிலும் வையுங்கள். ஒலிக்க வேண்டும். காலை அழுத்தாமல் தொடுங்கள். அழுத்தினால் கெட்ட இணைப்பும் அந்த நேரத்துக்குச் சேர்ந்து ஏமாற்றிவிடும். அடுத்தடுத்த கால்களுக்கிடையே ஒலித்தால் வரைபடத்தைப் பாருங்கள். அங்கே இணைப்பு இல்லையென்றால் பாலம் ஒளிந்திருக்கிறது. மின்சாரம் கொடுப்பதற்கு முன் பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே கட்டாயம் சோதியுங்கள். ஒலி நிற்காமல் வந்தால் ஷார்ட். அதைச் சரிசெய்யாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

புகையை முகத்தில் வாங்காதீர்கள், அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஈயச் சால்டரைத் தொட்டபின் கைகழுவாமல் எதையும் உண்ணாதீர்கள்.

இணைப்புகள் எல்லாம் தேறியும் போர்டு வேலை செய்யவில்லையென்றால், உறுப்புகள் திசைமாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்: டையோடின் கோடு கேத்தோடு (மைனஸ்) பக்கம், எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் பட்டை பொதுவாக மைனஸ் பக்கம், ஐசியின் பிறைவெட்டு போர்டில் அச்சிட்ட பிறையின் பக்கம். இவையும் சரியாக இருந்தால் மட்டும் ஐசியை மாற்றிப் பாருங்கள்.