சிங்கப்பூர் வேலையை விட்டுக் கிளம்புகிறீர்களா? ஐஆர்21 வேலையை இப்படி முடியுங்கள்

வெளிநாட்டவருக்கான வேலை அனுமதிகளான எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ எஸ் பாஸிலோ வேலை பார்த்து, ராஜினாமா கடிதம் கொடுக்கப் போகிறவர்களுக்கான பதிவு இது. வெளிநாட்டவர் வேலையை விடும்போது, அவருடைய வரிக் கணக்கை முடிக்க நிறுவனம் வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம்தான் ஐஆர்21. நானும் இதை முடித்துவிட்டுத்தான் ஊர் வந்தேன். பாஸ் ரத்து, வீட்டு ஒப்பந்தம் எல்லாம் இதில் வராது, வரி மட்டும்.

படி 1: கடிதம் கொடுப்பதற்கு முன்பே கையில் பணம் சேர்த்து வையுங்கள். பலரும் திணறுவது இங்கேதான். நீங்கள் விலகுவது தெரிந்த நாளிலிருந்து, உங்களுக்குத் தர வேண்டிய எல்லாப் பணத்தையும் நிறுவனம் நிறுத்தி வைக்க வேண்டும். சம்பளம், போனஸ், ஓவர்டைம், எடுக்காத விடுப்புக்கான பணம், நீங்கள் செலவு செய்து பில் கொடுத்த தொகைகூட இதில் அடக்கம். எச்ஆர் மீது கோபப்பட்டுப் பயனில்லை, சட்டம் அப்படி. சிங்கப்பூர் வரித்துறையான உள்நாட்டு வருவாய் ஆணையம் உத்தரவு அனுப்பும் வரை, அல்லது ஐஆர்21 படிவம் ஆணையத்துக்குக் கிடைத்து 30 நாள் ஆகும் வரை, எது முந்தியோ அதுவரை பணம் வராது. அந்த மாத வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், விமானச் சீட்டு எல்லாவற்றையும் சேமிப்பிலிருந்துதான் சமாளிக்க வேண்டும்.

படி 2: ஐஆர்21 படிவத்தை நிறுவனம்தான் தாக்கல் செய்யும், கடைசி வேலை நாளுக்கு ஒரு மாதமாவது முன்னதாக. சின்ன நிறுவனம் என்றால் நீங்களே நினைவுபடுத்துங்கள். மனைவி, பிள்ளைகள் விவரத்தை அப்போதே கொடுத்துவிடுங்கள், வரிச்சலுகைக்கு அது உதவும். நிறுவனப் பங்குகள் ஏதாவது ஒதுக்கியிருந்தால் அதையும் கேளுங்கள். இன்னும் கைக்கு வராத பங்குக்கும் வரி போடும் விதி ஒன்று உண்டு.

படி 3: வரியை நீங்களே போட்டுப் பாருங்கள். மாதம் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கியவர், சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு மார்ச் கடைசியில் கிளம்புகிறார் என்று வைப்போம். போன வருடத்து 60,000 வெள்ளிக்கும் இந்த வருடத்து 15,000 வெள்ளிக்கும் சேர்த்தே கணக்குப் பார்ப்பார்கள். வேலை வருமானத்துக்கான 1,000 வெள்ளி கழிவு போக, போன வருடத்துக்கு 1,880 வெள்ளி வரி வரும். இந்த வருடத் தொகை 20,000 வெள்ளியைத் தாண்டாததால் அதற்கு வரி இல்லை. பிடித்து வைத்ததில் வரி போக மீதி உங்களுக்கு வந்துவிடும்.

படி 4: எவ்வளவு வரி என்று சொல்லும் நோட்டீஸை, ஆணையத்தின் இணையதளமான மைடேக்ஸ் போர்ட்டலில் சிங்பாஸ் (அரசு சேவைகளுக்கான இணைய உள்நுழைவுக் கணக்கு) வைத்துப் பாருங்கள். இதற்கு நான் போனைவிடக் கம்ப்யூட்டரையே சொல்வேன். பிடிஎஃப்பைச் சேமிப்பது எளிது. பிடித்த பணம் போதவில்லை என்றால் மிச்சத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். கைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முறை) தவணை இருந்தால் அது நின்றுவிடும், பாக்கியை மொத்தமாகக் கேட்பார்கள். கட்டுவதற்கு, வங்கி ஆப் வழியாக உடனே பணம் அனுப்பும் பேநவ் போதும்.

படி 5: எல்லாம் முடியும் வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.

பின்சேர்க்கை: சிங்கப்பூருக்குள்ளேயே வேறு கம்பெனிக்கு மாறுவதால் இது தேவையில்லைதானே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தேவைதான். வெளிநாட்டவர் வேலை மாறினாலும் பழைய நிறுவனம் ஐஆர்21 தாக்கல் செய்ய வேண்டும், பணமும் நிற்கும். நிரந்தரவாசிகள் நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகாமல் வேலை மட்டும் மாறினால் இது பொருந்தாது.

இன்னொருவர் பழைய வரி நோட்டீஸ்கள் பற்றிக் கேட்டிருந்தார். எல்லா வருடத்துடையதையும் கிளம்பும் முன்பே இறக்கி வையுங்கள். பாஸ் ரத்தான பிறகு சிங்பாஸை நம்பியிருக்க வேண்டாம்.